பக்கத்து வீட்டுக் கத்தரி

என் வீட்டுக்காரரிடம் நான் பத்து மாதம் பொய் சொன்னேன். குடிமுழுகிப் போகிற பொய் ஒன்றுமில்லை, கத்தரிச் செடியைப் பற்றித்தான். பொய்யில் சின்னது பெரிது பார்க்க முடியாது என்று எனக்கு ஐம்பத்தோரு வயதில்தான் புத்தியில் உறைத்தது. இதைப் படித்துவிட்டு என்னை ஏச நினைக்கிறவர்கள் தாராளமாக ஏசலாம். பக்கத்து வீட்டு லாத்தா ஏற்கெனவே வேண்டிய மட்டும் ஏசி முடித்துவிட்டாள்.

லாத்தா என்றால் எங்களில் அக்காள். அவள் என் கூடப் பிறந்தவள் இல்லை, என்னைவிட நாலு வயது மூத்த பக்கத்து வீட்டுக்காரி. தென்காசியில் எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டித்தான் இருக்கும். என் வீட்டு மொட்டை மாடிக்கும் அவள் வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். மொட்டை மாடியைத் தட்டட்டி என்போம். துணி காயப்போடுவது, வற்றல் போடுவது, ஊர்க் கதை பேசுவது எல்லாம் தட்டட்டியில்தான். என் பொய்யும் அங்கேதான் நடந்தது.

என் வீட்டுக்காரர் இருபத்து நாலு வருஷமாகச் சபரில் இருந்தார். சபர் என்றால் பயணம் என்றுதான் அர்த்தம், ஆனால் எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு வளைகுடாவில் வேலைக்குப் போவது என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. மீனும் கோழியும் அடுக்கி வைக்கிற ஒரு குளிர்கிடங்கில் மெக்கானிக் வேலை. வெளியே நெருப்பு, உள்ளே பனிக்கட்டி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். மகள் பிறந்ததும் அவர் இல்லாமல்தான், அவள் பெரியவளானதும் அவர் இல்லாமல்தான். அவள் கல்யாணத்துக்கு மட்டும் இருந்தார்.

சபரில் இருக்கிறவருக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் தெருவில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அங்கே தனியாகக் கிடக்கிற மனுசன் கேட்டு என்ன செய்வான்? ஓடி வரவும் முடியாது, கூட உட்கார்ந்து அழவும் ஆள் இருக்காது. அதனால் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் காய்ச்சல் வந்த செய்தியே போகும். என் மாமனார் மௌத்தான அன்றுகூட, வாப்பாவுக்குக் கொஞ்சம் மேலுக்கு முடியவில்லை என்றுதான் போனில் சொன்னோம். அடக்கம் முடிந்து மறுநாள்தான் உண்மையைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. அவரும் அங்கிருந்து அதையேதான் செய்துகொண்டிருந்தார். நல்லாருக்கேன், நல்லாருக்கியா என்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லியே குடும்பம் நடத்தினோம்.

ஒவ்வொரு லீவும் முடிகிற வாரத்தில், இன்னும் ஒரு ரெண்டு வருஷம் பார்ப்போமா என்று என்னைக் கேட்பார். உங்கள் இஷ்டம் என்பேன். அந்த ரெண்டு வார்த்தைக்குள் எவ்வளவு ஆத்திரம் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். போகாதீர்கள் என்று என் வாயால் சொல்லி, அவர் இருந்து, நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அந்தப் பழி யார் தலையில் விழும்? இப்படியெல்லாம் கணக்குப் போடுகிற மூளை எனக்கு. பாழாய்ப் போன மூளை.

செடிப் பைத்தியம் அவருக்குத்தான், எனக்கில்லை. அதிலும் கத்தரி என்றால் உயிர். நெய்ச்சோற்றுக்குத் தாளிச்சா வைத்தால் கறியை விட்டுவிட்டுக் கத்தரிக்காயைத்தான் தேடித் தின்பார். போன வருஷம் தை மாதத்தில் லீவுக்கு வந்திருந்தபோது பன்னிரண்டு பெயிண்ட் வாளிகளில் அடியில் துளை போட்டு, சுந்தரபாண்டியபுரத்தில் தெரிந்தவர் வயலிலிருந்து ஆட்டோவில் மண் கொண்டு வந்து, எருவும் கலந்து நிரப்பினார். ஏழில் கத்தரி, மூன்றில் தக்காளி, இரண்டில் மிளகாய். மணத்தக்காளி அவர் வைக்காமலே ஒரு வாளியின் ஓரத்தில் முளைத்தது. குருவி போட்ட விதையாக இருக்கும். கத்தரி நாற்று கொஞ்சம் மிஞ்சியது. அதை லாத்தாவுக்குக் கொடுத்தார்.

அந்த நாற்றை லாத்தா என்ன செய்தாள் தெரியுமா? விவசாயப் பண்ணை ஒன்றில் இலவசமாகப் பயிற்சி கொடுத்தார்கள் என்று போய் ஒட்டுக்கட்டப் படித்து வந்திருந்தாள். பென்சில் தடிமனுக்கு வளர்ந்த சுண்டைச் செடியின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, எங்கள் கத்தரி நாற்றின் நுனியைச் சீவி அதற்குள் சொருகி, பேத்தியின் தலைக் கிளிப்பைப் போட்டு இறுக்கினாள். சுண்டை வேர் முரடு, மண்ணில் இருக்கிற நோய் அதை ஒன்றும் செய்யாது என்றாள். பச்சைப் பிள்ளை கழுத்தை வெட்டின பாவம் உனக்கு வேண்டுமா என்று நான் கேலி செய்தேன். அவர் சபருக்குப் போகிறவரை அந்த ஒட்டுக்களைத் தட்டட்டியில் பார்க்கவில்லை. அவள் அவற்றை மூடாக்குப் போட்டு வீட்டுக்குள் நிழலில் வைத்திருந்தாள்.

அவர் போன பிறகு காலை ஏழரை மணிக்கு வீடியோ கால் வரும். அவருக்கு அங்கே அப்போதுதான் விடிந்து சுபுஹுத் தொழுகை முடிந்த நேரம். நான் போனைத் தூக்கிக்கொண்டு தட்டட்டிக்கு ஏற வேண்டும். முதல் வாளியிலிருந்து பன்னிரண்டாவது வாளி வரை ஒன்று விடாமல் காட்ட வேண்டும். மூணாவதுக்குச் சாம்பல் தூவு, ஐந்தாவதில் இலைக்கு அடியில் பார், பூச்சி இருக்கும் என்பார். இருக்கும். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனுசனுக்கு என் கண் முன்னால் இருக்கிற பூச்சி தெரியும். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் ஏழே கால் ஆனால் என் கால் தானாகப் படியேறிவிடும். அந்தக் கால் மணி நேரம் அவர் இங்கேதான் இருந்தார்.

ஆனி மாதம் சாரல் பிடித்தது. குற்றாலத்து மலையிலிருந்து காற்றும் தூறலும் விடாமல் வந்தன. ஒரு நாள் மத்தியானம் நாலாவது வாளியில் கத்தரி தலை தொங்கி நின்றது. ஈரத்தில் நிற்கிற செடி ஏன் தண்ணீர் இல்லாத செடி மாதிரி தொங்க வேண்டும்? சாயங்காலம் நிமிர்ந்தது, மறுநாள் மறுபடி தொங்கியது, மூன்றாம் நாள் பச்சை இலையோடு செத்தது. பிறகு தக்காளி. பிறகு மிளகாய். பத்து நாளில் பன்னிரண்டும் போயின. லாத்தா ஒரு தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினாள். வெட்டின இடத்திலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று இறங்கியது. வாடல் நோய் என்றாள். கத்தரி, தக்காளி, மிளகாய், குருவி போட்ட மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பமாம், ஒன்றுக்கு வந்தால் மண் வழியாக மற்றதுக்கும் போய்விடுமாம். பக்கத்திலேயே நின்ற மருதாணிக்கு ஒரு இலைகூட வாடவில்லை, அது வேறு குடும்பம். லாத்தாவின் எட்டு ஒட்டுக் கத்தரியும் சுண்டை வேரில் திமிராக நின்றன.

சாரலில் போன் நனைந்துவிடும் என்று அந்தப் பத்து நாளும் தட்டட்டிக்கு ஏறாமலே பேசியிருந்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு நாள் அவரிடமிருந்து அழைப்பே வரவில்லை. மூன்றாம் நாள் அறையில் கூட இருக்கிறவர் பேசினார். பயப்படாதீங்க என்று ஆரம்பித்தார். பயப்படாதீங்க என்று ஆரம்பிக்கிற பேச்சைப் போல் பயங்கரமானது உலகத்தில் எதுவுமில்லை. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவரிடம் கேட்டால் சொல்ல வேண்டாம் என்பார், அதனால் கேட்காமல் சொல்கிறேன் என்றார். நல்ல மனுசன், எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

அதற்கும் நாலு நாள் கழித்துத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, ஒரு இரும்புக் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். சின்ன அடைப்பு, இப்போது ஒன்றுமில்லை என்றார். நான் அழப் போகிறேன் என்று தெரிந்ததும் அவசரமாக, செடியைக் காட்டு என்றார். நான் அப்போது தட்டட்டியில்தான் நின்றேன். பிடுங்கிப் போட்ட பன்னிரண்டு செடியும் மூலையில் குவிந்து கிடந்தன. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் வைத்ததெல்லாம் செத்துப்போயிற்று என்று எப்படிச் சொல்வேன்? சுவரைத் தாண்டினேன். லாத்தாவின் கத்தரியில் காய் தொங்கியது. இதோ பாருங்க மச்சான் என்று காட்டினேன். அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, நல்லா வந்திருக்கு என்றார்.

ஒரு நாள் என்று நினைத்துச் செய்தது பத்து மாதம் ஆயிற்று. தினமும் காலையில் லாத்தாவின் தட்டட்டிக்குத் தாண்டுவேன். தக்காளியும் மிளகாயும் ஓய்ந்துவிட்டன என்று சொல்லிக் கழித்தேன், அது பாதி உண்மைதானே. எந்த வாளி எத்தனையாவது என்று மனப்பாடம் செய்தேன். லாத்தா துணி காயப்போட வந்தால் குனிந்து ஒளிந்து போக வேண்டும். சொந்தத் தட்டட்டியில் களவாணி மாதிரி நடக்க வைத்துவிட்டாளே என்று புலம்பிக்கொண்டே குனிவாள். ஒரு நாள் நான் போனை வைத்த பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, கத்தரிக்கா முத்துனா கடத்தெருவுக்கு வந்துதான் ஆவணும். அந்த மனுசன் ஒரு நாளு இங்கன வந்து நிக்கத்தான் போறாரு. அன்னைக்கு மூஞ்சிய எங்க கொண்டு வைக்கப் போற?"

அவர் லீவு வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதற்குள் நான் புதுச் செடி உண்டாக்கிவிடுவேன் என்றேன். அப்படியெல்லாம் தவணை கொடுக்கிற வழக்கம் காலத்துக்குக் கிடையாது. வைகாசியில் ஒரு காலை, அடுத்த மாதம் வருகிறேன் என்றார். முறைப்படி அவருக்கு இன்னும் ஏழு மாதம் கழித்துத்தான் லீவு. ஏன் என்று கேட்டேன். சும்மா, பார்க்கணும் போல இருக்கு என்றார். இருபத்து நாலு வருஷத்தில் அந்த மனுசன் சும்மா வந்ததில்லை. நெஞ்சில் மறுபடியும் ஏதோ ஆகியிருக்கிறது, மறைக்கிறார் என்று எனக்கு அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

லாத்தாவிடம் சுண்டை நாற்று வாங்கி நானே ஏழு ஒட்டுக் கட்டினேன். பழக்கமில்லாத கை, இரண்டில் தண்டே கிழிந்தது. இன்னும் இரண்டு, மூடாக்குக்குள் அழுகின. மூன்று பிடித்தன. அவர் வருகிற நாளில் அவை ஒரு சாண் உயரம். அவர் பத்து மாதமாகப் பார்த்தது இடுப்பளவு செடி. நெஞ்சு பலவீனமாக வருகிற ஆளிடம் எடுத்த எடுப்பில் இதைச் சொல்ல முடியுமா? லாத்தாதான் வழி சொன்னாள். அவளுக்கும் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அவளுடைய எட்டு வாளிகளையும் சுவருக்கு மேலாக என் பக்கம் தூக்கி வைத்தோம். ஒரு வாளி ஈர மண்ணோடு என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வந்தவர், செங்கோட்டை தாண்டிவிட்டேன் என்று போன் செய்தபோது ஆறாவது வாளி சுவர்மேல் இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. ஏன் இப்படி இரைக்குது என்று கேட்டார். படியேறினேன் என்றேன். மெதுவா ஏறக் கூடாதா என்றார்.

வீட்டுக்கு வந்தவர் தேயிலைத் தண்ணி குடிக்கும் முன்பே தட்டட்டிக்கு ஏறினார். நான் பின்னாலேயே ஏறினேன், என் நெஞ்சு அடித்த அடிக்கு எனக்குத்தான் ஸ்டென்ட் வைத்திருக்க வேண்டும். அவர் எட்டு வாளிக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து லாத்தாவின் வெறுந்தரையை ஒரு தடவை பார்த்தார். மேற்கே மலையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, இளைச்சிட்டியே என்றார். சோறு இறங்காத ஒரு மாதத்தை அவரிடம் எப்படிச் சொல்வேன்? வெயில் என்றேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது.

அந்த லீவில் அவர் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். நான் படியேறினால் பின்னாலேயே வருவார். குடத்தைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்வார். நான் எதைத் தின்கிறேன், எவ்வளவு தின்கிறேன் என்று தட்டையே பார்ப்பார். நானும் சும்மா இருக்கவில்லை, அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இப்படி வேவு பார்த்தோம். ஐந்தருவிக்குப் போகலாம் என்றார். தண்ணீர் விழுகிற வேகத்துக்கு உங்கள் நெஞ்சு தாங்காது, குளிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கூட்டிப் போனேன். கூட்டம் முட்டித் தள்ளியது. மங்குஸ்தான் விற்கிற கடையோரம் தூவானம் படுகிற இடத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நனைந்த புர்கா கனத்து எனக்குக் கொஞ்சம் இளைப்பு வந்தது. உடனே என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார், அத்தனை பேர் முன்னால். வெட்கமாக இருந்தது. கையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுவாரம் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் முழு உடம்புப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். நான் நினைத்தது சரிதான், இவருக்கு என்னமோ இருக்கிறது என்று துணைக்குப் போனேன். அங்கே போனால் எனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு, விடுவானேன் என்றார். ரத்தம், படம், ஸ்கேன் என்று என்னைத்தான் அறை அறையாக அலைய வைத்தார்கள். அவர் தன் முறையைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி போய்க் காகிதம் வாங்கினோம். அவருக்கு ஸ்டென்ட் நன்றாக வேலை செய்கிறது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் எல்லையில் நிற்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. நான் அவர் காகிதத்தைப் பிடுங்கிப் படித்தேன், அவர் என் காகிதத்தை மூன்று தடவை படித்தார். பஸ்ஸில் வரும்போது பாவூர்சத்திரம் வருகிறவரை சிரித்துச் சிரித்துப் பேசினார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் டிக்கெட்டை உறுதி செய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கிளம்ப வேண்டும். இன்னும் ஒரு ரெண்டு வருஷம் என்றார். உங்கள் இஷ்டம் என்றேன். அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேவையில்லாமல் தேய்த்தேன்.

புதன்கிழமை மத்தியானம் சாரல் ஒரு மணி நேரம் விட்டிருந்தது. அவர் தட்டட்டியில் வாளிகளில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் நனைந்த துணிகளை மறுபடி விரித்துக்கொண்டிருந்தேன். மழையில் செடிகள் அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்திருந்தன. ஒட்டுக்குக் கீழே சுண்டையின் தண்டிலிருந்து கிளம்புகிற துளிரை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் சுண்டை மேலே வந்து கத்தரியை அமுக்கிவிடும். லாத்தா பத்து மாதமாக அதைக் கிள்ளிக் கிள்ளித்தான் வைத்திருந்தாள். என் பக்கம் வந்த பிறகு அவள் கை படவில்லை, எனக்கு மறந்துவிட்டது. ஒரு வாளியில் அது முழ நீளம் வளர்ந்து, முள்ளோடு, அகல இலையோடு நின்றது.

அவர் அதைத் தொட்டுக் காட்டி, நான் வைத்தது கத்தரி நாற்று, அதன் காலில் சுண்டை எப்படி வந்தது என்று மெதுவாகக் கேட்டார்.

குருவி போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பார், அல்லது நம்புகிற மாதிரி இருந்திருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை போகிற மனுசனிடம் புதன்கிழமை இன்னொரு பொய் சொல்ல எனக்கு அலுத்துவிட்டது. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டும் செத்தது, தம்ளரில் இறங்கின பால் நூல், இரும்புக் கட்டிலில் அவர் முகம், சுவர் தாண்டினது, வாளி தூக்கினது எல்லாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த என் மூன்று ஒட்டுச் செடிகளையும் எடுத்துக் காட்டினேன். நீங்கள் பதறிவிடக் கூடாது என்றுதான் செய்தேன், என்னை மன்னியுங்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முதல் நாளே தெரியும் என்றார். எங்கள் தட்டட்டியில் நின்று மேற்கே காட்டினால் தண்ணீர்த் தொட்டி பாதி மலையை மறைக்குமாம். அன்றைக்குப் போனில் மலை முழுசாகத் தெரிந்ததாம், அவர் வைத்த ஏழு கத்தரி எட்டாகவும் ஆகியிருந்ததாம். வந்து பார்த்தால் லாத்தாவின் தரையில் எட்டு வாளி இருந்த இடம் வட்டம் வட்டமாகப் பாசி பிடித்திருக்கிறது. பத்து மாதமாகத் தெரிந்துகொண்டே, மூணாவதுக்குச் சாம்பல் போடு என்று சொன்னீரா என்று எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. கேட்டிருக்க வேண்டியதுதானே என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"கேக்கப் பயமா இருந்துச்சிட்டி. அங்கன என் கூட இருந்த ஒருத்தன் பொண்டாட்டி, நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு கடைசி வரைக்கும் சொன்னா. அவ மௌத்தான பொறவுதான் அவனுக்கு நோயே தெரியும். நீ செடி செத்ததையே மறைக்குத. அப்ப வேற என்னத்த மறைக்கியோன்னு நெனச்சேன். அதான் ஒடம்பப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

கையில் இருந்த துணி நழுவியது. நான் அவர் நெஞ்சுக்குப் பயந்து சோறில்லாமல் கிடந்த அதே மாதம் அவர் அங்கே எனக்குப் பயந்து கிடந்திருக்கிறார். எங்கள் தெருவின் சட்டம் எங்களுக்குச் செய்த உபகாரம் அது. அதோடு இன்னொன்றும் விளங்கிவிட்டது. எனக்கு நோய் இருக்கும் என்று வந்தார், நோய் இல்லை என்று காகிதம் சொல்லிவிட்டது, அதனால் போகிறார். ஒரு நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அல்லா என்னை மன்னிக்கட்டும், உண்மையிலேயே தோன்றியது. இருந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்யை நம்பி இருக்கிறவர் நோயாளிக்குத்தான் காவலிருப்பார், எனக்கல்ல.

ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வாய், இதைச் சொல்ல அவ்வளவு பாடு பட்டது.

"எனக்கு ஒரு நோவும் இல்ல மச்சான். நல்லாருக்கேன், நெசமாவே நல்லாருக்கேன். ஆனாலும் போவாதிய."

இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், நான் பதிலுக்கு ஏசலாம் என்று தயாராக இருந்தேன். கேட்கவில்லை. கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். கம்பெனிக்காரனிடம் இந்தியில் பேசினார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. இரண்டு தடவை ஒரே வார்த்தையைச் சொன்னார், அந்தப் பக்கம் ஏதோ சத்தம் போட்டது, இவர் அடங்கின குரலில் மறுபடியும் அதையே சொன்னார். பேசி முடித்துப் போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்கச் சொல்லுதா, நான் வரலன்னு சொன்னேன்."